செம்மணலும் சக்கரமும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் முருகப் பெருமானைத் தரிசிக்கப் போகிறவர்களாகவே இருப்பார்கள். சிலர் ஆழ்வார்திருநகரியில் இறங்கி, நம்மாழ்வார் எழுந்தருளியிருந்த புளியமரத்தைக் காணச் செல்வார்கள். இந்த இரண்டு க்ஷேத்திரங்களுக்கும் நடுவே, ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷனாக, ஏசுநாதர் வளர்ந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது நாசரேத். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, தாமிரபரணியைக் கடந்து, பனைமரங்களுக்கு இடையே அமைந்த ஊர். ஆழ்வாருக்கும் ஆறுமுகனுக்கும் நடுவில் பாலஸ்தீனத்து ஊர் ஒன்று எப்படி வந்து அமர்ந்தது என்று புதிதாக வருகிறவர்கள் சற்றே திகைப்பதுண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அந்தத் திகைப்பெல்லாம் கிடையாது. மூன்று ஸ்டேஷன்களுக்கும் ஒரே ரயில்தானே!

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுத வந்தவன் நாசரேத்தில் எதற்காக இறங்கினான் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம், மணல்.

நாசரேத்திலிருந்து தெற்கே மெய்ஞ்ஞானபுரம் இருக்கும் திசையில் சென்றால், மாதா கோவிலின் கூர்கோபுரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே மண்ணின் நிறம் மாறிவிடும். முதலில் பழுப்பு, பிறகு செங்கல் பொடி, அப்புறம் குங்குமம். இதைத்தான் தேரி என்கிறார்கள். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் இந்தச் செம்மணற் காட்டில் குதிரைமொழித் தேரி மிகவும் பிரசித்தமானது. ஒவ்வொரு மணலுக்கும் மேலே இரும்புத் துரு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதால் இந்த நிறம் வந்ததாக மண்ணியல் அறிஞர்கள் சொல்லுகிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது மணல் இடம்பெயர்கிறது. நேற்று இருந்த ஒற்றையடிப் பாதை இன்று இராது. பனை, கொல்லாமரம், உடைமரம் ஆகியவைதான் காற்றோடு மல்லுக்கு நிற்கின்றன.

நான் சென்றிருந்த அன்று, பதினெட்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாத இரண்டு பையன்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் மணல் பாதையில் வேகமாக வந்தார்கள். முன்னால் ஓர் ஆடு குறுக்கிட்டது. ஓட்டியவன் பிரேக்கைப் பிடித்தான். முன்சக்கரம் மணலில் புதைந்தது. அடுத்த க்ஷணம் வண்டி ஒரு பக்கமும் பையன்கள் இரண்டு பக்கமுமாகக் கிடந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. தேரி மெத்தையைப் போல ஏந்திக்கொண்டது. பனையடியில் பதனீர்க் கலயத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்திருக்காமலே உபதேசம் செய்தார்.

"ஏலே, மணலுக்குள்ள பிரேக்கைப் புடிச்சா வண்டி கவுக்காம என்னலே செய்யும்? பிரேக்கை விடு. பின் வீலு போற போக்குல போகட்டும். நீ அதுக்குத் தக்கன சாஞ்சுக்கோ."

"சரி தாத்தா" என்று பையன்கள் சிரித்துக்கொண்டே மணலைத் தட்டினார்கள். பெரியவர் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரா என்று விசாரித்தேன். "எங்க சார்! சைக்கிள்ல பதனிப் பானையைக் கட்டி நாப்பது வருசம் இந்த மணல்ல மிதிச்சிருக்கேன்" என்றார்.

அவர் சொன்ன அதே சூத்திரத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் ஒரு விளையாட்டு நூறு வருஷமாக நடந்து வருகிறது. அதற்கு ஸ்பீட்வே என்று பெயர். அங்கே ஓடும் மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது. கியரும் ஒன்றுதான். ஒற்றைச் சிலிண்டர், 500 ஸி.ஸி. எஞ்சின், எரிபொருள் பெட்ரோல் அல்ல, மெதனால் என்னும் சாராய வகை. சுமார் 260 மீட்டரிலிருந்து 425 மீட்டர் வரை சுற்றளவுள்ள முட்டை வடிவ வளையத்தில், இளகிய கல்பொடி பரப்பிய தரையில், நால்வர் ஒரே சமயத்தில் புறப்பட்டு நான்கு சுற்றுச் சுற்றுவார்கள். எப்போதும் இடப்புறமாகவே திரும்ப வேண்டும். வளைவு வந்ததும் ஓட்டுகிறவன் வேகத்தைத் தணிப்பதில்லை. பின்சக்கரத்தை வெளிப்புறமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே போகிறான். அந்தக் காலுக்கு எஃகினாலான லாடம் ஒன்று உண்டு. நால்வருக்கும் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் எனத் தலைக்கவசம். ஒரு பந்தயம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும்!

முதலாவதாக வந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றும், கடைசியில் வந்தவனுக்குச் சுழி. பதினாறு வீரர்கள், இருபது ஓட்டங்கள். ஒவ்வொருவனும் மற்ற ஒவ்வொருவனையும் ஒரு முறையாவது எதிர்கொள்ளும்படி அட்டவணை போட்டிருப்பார்கள். நம் ஊர்க் கணக்குப் பிள்ளைகள் இந்த அட்டவணையைப் பார்த்தால் மெச்சிக்கொள்வார்கள். நடுநடுவே டிராக்டர் வந்து தரையை வாரிச் சமன் செய்யும். தண்ணீர் வண்டி வந்து புழுதியை அடக்கும்.

இந்த விளையாட்டு பிறந்த கதையில்தான் எனக்கு மிகுந்த சுவாரஸ்யம். பெரிய பட்டணத்தில் பிரபுக்கள் கூடி ஆரம்பித்ததல்ல இது. ஆஸ்திரேலியாவில் நியூ ஸௌத் வேல்ஸைச் சேர்ந்த மெயிட்லண்ட் என்ற நாட்டுப்புற ஊர். அங்கே விவசாயக் கண்காட்சி நடத்தும் சங்கத்துக்கு ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் காரியதரிசி. மாடும் குதிரையும் காட்டுகிற மைதானத்தில் 1923 டிசம்பரில் விளக்குப் போட்டு மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டார். ஜனங்கள் திரண்டார்கள். 1928-இல் அது இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1936-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் முதல் உலகப் போட்டியே நடந்துவிட்டது. அந்த முதல் போட்டியில் ஒரு வேடிக்கை. புளூவி வில்கின்ஸன் என்ற ஆஸ்திரேலியர் தாம் ஓடிய ஐந்து ஓட்டங்களிலும் முதலாவதாக வந்தார். ஆனால் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை! முந்தைய சுற்றுகளில் சேர்த்த புள்ளிகளையும் கூட்டிப் பார்த்ததில் அவர் மூன்றாவதாகிப் போனார். பட்டம் லயனல் வான் பிராக் என்ற மற்றோர் ஆஸ்திரேலியருக்குச் சென்றது. 1938-இல் வில்கின்ஸன் வட்டியும் முதலுமாகப் பட்டத்தை வாங்கிக்கொண்டது வேறு கதை. 1939-இல் யுத்தம் வந்து போட்டி நின்றது. மறுபடி நடந்தது 1949-இல்தான்.

முன்பெல்லாம் ஒரே இரவில் தீர்மானமாகிவிடும் இந்தப் பட்டம், 1995 முதல் பல ஊர்களில் பல வாரங்கள் நடக்கும் பருவமாக மாறியது. நமது கடற்கரையில் முத்துச் சலாபத்துக்கு ஒரு பருவம் இருந்தது அல்லவா? அதுபோல ஐரோப்பாவில் பனி கரைந்ததும் இதற்குப் பருவம் தொடங்குகிறது. 2023-ஆம் வருஷத்துப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதம் குரோவேஷியா தேசத்தில் கோரிசான் என்ற ஊரில் ஆரம்பமாயிற்று. வார்ஸா, பிராக், ஜெர்மனியின் டெட்டரோ, போலந்தின் கோர்ஸுஃப், ஸ்வீடனின் மோலில்லா, லாட்வியாவின் ரீகா, வேல்ஸின் கார்டிஃப், டென்மார்க்கின் வோயன்ஸ், கடைசியாக மறுபடியும் போலந்தில் டோருன் என்று பத்து ஊர்கள்.

இந்த வரிசையில் மோலில்லா என்னும் பெயரை மட்டும் நேயர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் இரண்டாயிரம் பேர்கூட வசிக்கவில்லை. நாசரேத்தின் நாலைந்து தெருக்களைச் சேர்த்தால் ஒரு மோலில்லா ஆகிவிடும். அந்தக் குக்கிராமத்துக்கு உலகத்தின் முதல்தர வீரர்கள் வருஷந்தோறும் வந்து போயிருக்கிறார்கள். வார்ஸாவிலும் கார்டிஃபிலும் பிரம்மாண்டமான அரங்கங்களில் மண்ணைக் கொட்டி வளையம் போட்டார்கள். பந்தயம் முடிந்ததும் அள்ளிக்கொண்டு போனார்கள். அது திருவிழாக் கடை. மோலில்லாவில் இருப்பது நிரந்தரமான வீடு.

அந்த 2023 பருவத்தில் பட்டத்துக்கு உரியவராக எல்லோரும் கருதியவர் பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக் என்ற போலந்துக்காரர். 1995-இல் பிறந்தவர், 2019, 2020, 2022 ஆகிய வருஷங்களில் ஏற்கெனவே வென்றவர். செப்டம்பர் மாதம் வோயன்ஸுக்கு வந்தபோது மற்றவர்களை விட வெகு தூரம் முன்னால் இருந்தார். அங்கேதான் விதி சட்டை வடிவில் வந்தது. பந்தயத்துக்கு முன் நடக்கும் ஒத்திகை ஓட்டத்தில் அவர் அணிந்திருந்த உடை, அந்தப் போட்டிக்கென்று விதிக்கப்பட்ட உடையாக இல்லை. அதிகாரிகள் விதிப் புஸ்தகத்தைப் புரட்டினார்கள். அன்றைய போட்டியிலிருந்தே அவரை நீக்கிவிட்டார்கள்! உலகப் பட்டத்தின் வாசலில் நின்றவர், சட்டை மாறிப் போனதற்காகச் சபையிலிருந்து வேடிக்கை பார்க்கும்படி ஆயிற்று. இரண்டாவதாக இருந்த ஸ்வீடன் தேசத்து ஃபிரெட்ரிக் லிண்ட்கிரன் நெருங்கி வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து டோருனில் நடந்த கடைசிப் போட்டியில்தான் ஸ்மார்ஸ்லிக் பட்டத்தை மீட்டார். அடுத்து 2024, 2025 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அவரே வென்று, ஐவன் மாகரும் டோனி ரிக்கார்ட்ஸனும் பெற்றிருந்த ஆறு பட்டங்கள் என்ற எண்ணிக்கையை எட்டிவிட்டார்.

நீக்கியது சரியா, தவறா என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் வாதாடட்டும். எனக்கு அதில் தோன்றியது வேறு. பிரேக் இல்லாத வண்டிகளை ஓடவிடுகிறவர்கள், சட்டை விஷயத்தில் இத்தனை கண்டிப்பாக இருக்கிறார்கள்! வண்டிக்குத் தடை இல்லாததனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் தடை வைத்திருக்கிறார்கள் போலும்.

இனி நம் பக்கம் வருவோம். வோயன்ஸுக்கும் டோருனுக்கும் இடைப்பட்ட அதே இரண்டு வாரத்தில், 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி, டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் உள்ள 5 கிலோமீட்டர் நீளமுள்ள தார்ப் பாதையில் மோட்டோ ஜி.பி. என்னும் உலகப் பந்தயம் முதன்முதலாக இந்தியாவில் நடந்தது. இத்தாலியின் மார்கோ பெஸக்கி வென்றார். அடுத்த வருஷம் அது நடக்கவில்லை. அத்தனை நீளப் பாதையை வைத்துக் காப்பாற்ற ஒரு ராஜ்யத்தின் கஜானா வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆகாய விமானங்களுக்காக ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, சிமெண்டுத் தரை மட்டும் மிஞ்சியது. 1953-இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்ட பிறகு, அந்தத் தரையில் வருஷா வருஷம் காரும் மோட்டார் சைக்கிளும் பறந்தன. இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். கூட்டம் கட்டுக்கடங்காது. 1980-களின் இறுதி வரை சோழவரம் என்றால் அங்குள்ள ஏரிக்கும் சென்னைக் குடிநீருக்கும் முன்பாக மோட்டார் பந்தயம்தான் வாலிபர்களின் ஞாபகத்துக்கு வரும். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தார்ப் பாதை அமைந்தது. 2003-இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில், பந்தயக் கார் வடிவமைப்பாளரான காலஞ்சென்ற கரிவரதனின் நினைவாக மற்றொன்று உண்டாயிற்று. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். ஸ்பீட்வே என்பது அங்கே பெயரில் மட்டும்தான்; தரை தார்.

சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று. நாசரேத்துப் பையன் எங்கே போவான்? அவனுக்கு இருக்கும் பந்தயப் பாதை திருச்செந்தூர் நெடுஞ்சாலைதான். அந்தச் சாலையில் எதிரே காவடி வருகிறது, ஆடு வருகிறது, லாரி வருகிறது. 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டவர்கள் இரண்டு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம், 64,105 விபத்துக்கள். எல்லாம் வேகப் பித்தினால் நேர்ந்தவை என்று சொல்லமாட்டேன். குழியும் குடியும் உறக்கமும் அவற்றின் பங்கைச் செய்திருக்கின்றன. ஆனாலும் பதினெட்டு வயதில் கையில் ஒரு எஞ்சின் கிடைத்த பிள்ளையிடம் "மெதுவாகப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாம் கடமையைச் செய்ததாகத் திருப்தி அடைகிறோம்.

வளையம் கட்டிவிட்டால் உயிருக்குப் பங்கமே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2012-இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் வளையத்தில் லீ ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேய வீரர் மோதி மாண்டார். 2015-இல் டார்ஸி வார்ட் என்ற ஆஸ்திரேலிய வாலிபர் முதுகெலும்பு முறிந்து நடமாட்டத்தை இழந்தார். நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஆகஸ்டில், தேசியப் போட்டியில் ஓடிய பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கீழே விழுந்து உயிரிழந்தான். பதின்மூன்று வயது! அந்தச் செய்தியைப் படித்த பிறகு எந்த வளையத்தைப் பற்றியும் உற்சாகமாக எழுதக் கை கூசத்தான் செய்கிறது. வயது வரம்பு எது, வேக வரம்பு எது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்காமல் வளையம் போடுவது, சாலையில் சாகிறவனை மைதானத்துக்கு அழைத்து வந்து சாகச் சொல்வதாகும். ஆனால் மைதானத்தில் டாக்டர் நிற்கிறார்; வளைவுகளில் காற்றடைத்த மெத்தைச் சுவர் உண்டு; நால்வரும் ஒரே திசையில் போகிறார்கள்; எதிரே லாரி வருவதில்லை. இந்த வித்தியாசம் சிறிதல்ல.

நாசரேத்துக்கு இப்படிப்பட்ட யோசனை புதியதுமல்ல. 1876-இல் இங்கே வந்த ஆர்தர் மர்காஷிஸ் என்ற பாதிரியார், தாது வருஷப் பஞ்சத்தில் அநாதைகளான குழந்தைகளைக் கண்டார். அவர்களுக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை; 1878-இல் ஒரு கைத்தொழிற் பள்ளியை ஆரம்பித்தார். சும்மா இருக்கும் கையில் உளியையும் சுத்தியையும் கொடுத்து, பக்கத்தில் ஒரு வாத்தியாரையும் நிறுத்தினார். அவர் 1908-இல் காலமாகும் வரை இந்த ஊரை விட்டு அகலவில்லை. ஸ்பீட்வே வண்டியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. பிரேக் இல்லை, கியர்ப் பெட்டி இல்லை. ஒரு சட்டம், ஒரு எஞ்சின், இரண்டு சக்கரம். கெட்டிக்காரப் பையன்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு நாளில் பிரித்துக் கோத்துவிடலாம். ஒரு பட்டறையும் ஒரு வாத்தியாரும் சேர்ந்தால்தான் அது வித்தை; இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்.

"செம்மணல் இங்கேயே இருக்கிறதே, தேரியில் ஒரு வளையம் போட்டுவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அந்தச் சபலம் எழுந்தது. கூடவே கூடாது என்பதே என் அபிப்பிராயம். தேரி மணல் சக்கரத்துக்கு அடியில் நிற்காது என்பது ஒரு காரணம். ஸ்பீட்வேக்கு வேண்டியது மேலே இளகி அடியில் இறுகிய தரை. அதைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. பெய்கிற மழையை எல்லாம் அந்த மணல் குடித்துவிட்டு, ஓரத்துக் கிணறுகளுக்கும் சுனைகளுக்கும் மெல்ல மெல்லக் கொடுக்கிறது. அதன் அடியில் ஆதிமனிதர்கள் செய்த சிறு கல்லாயுதங்கள் கிடக்கின்றன. 1956-இல் ஸாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் இந்தத் தேரிகளில் கிடைத்த கருவிகளைப் பற்றி எழுதியபின், உலகத்துத் தொல்லியலாருக்கு இந்த மணல் தெரிந்த பெயராகிவிட்டது. தேரிக்குள்ளே கற்குவேல் அய்யனார் வேறு காவல் இருக்கிறார். அத்தனை பேருக்கும் சொந்தமான இடத்தில் மெதனால் டப்பாவைக் கொண்டு வைப்பது நியாயமல்ல.

வேறு இடம் இல்லாமல் போகவில்லை. இதே தூத்துக்குடி ஜில்லாவில், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில், சோழவரத்தைப் போலவே இரண்டாம் யுத்த காலத்தில் போட்டுப் பின்னர் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. நாசரேத்திலிருந்து திருநெல்வேலி போய், மதுரை நெடுஞ்சாலையைப் பிடித்தால் அந்த ஊரை அடையலாம். சர்க்கார் பிற்பாடு அந்த நிலத்தை எதற்கு உபயோகித்தாலும், அதன் ஒரு மூலையில் 300 மீட்டர் வளையத்துக்கு இடம் ஒதுக்குவது பிரமாதமான காரியமல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடும் 400 மீட்டர் ஓட்டப் பாதையை விடச் சிறியது அது. கல்பொடிக்குப் பஞ்சம் இல்லை. சுற்றிலும் கல்லுடைக்கும் ஊர்கள். ஒரு டிராக்டர், ஒரு தண்ணீர் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், வளைவுக்கு மெத்தைச் சுவர், சட்டையைக்கூட விடாமல் சோதிக்கும் ஒரு கண்டிப்பான அதிகாரி.

தண்ணீர் தெளிக்க வேண்டிய நேரத்தையும், மணலில் எப்போது பிரேக்கை விட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்க, தேரிக் காட்டில் பனையடியில் ஒரு பெரியவர் இருக்கிறார்.